தானம் பெற்ற உடலும் வெயிலும்

2008-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதிகளான அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச் சாவு எய்திய தம் புதல்வன் ஹிதேந்திரனின் அவயவங்களைத் தானமளித்த செய்தி தமிழ்நாட்டையே உருக்கிற்று. அவ்வூர் அன்று நமது காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. இத்தகைய தானம் செய்வோர்க்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெறுமெனச் சர்க்கார் 2023-இல் அறிவித்தது. கொடுத்தவரைக் கௌரவித்தது நன்றே. ஆயின் வாங்கியவரைச் சூழ்ந்துள்ள ஓர் அபாயத்தை ஜனங்கள் அதிகம் அறியார்.

அந்நியருடைய சிறுநீரகத்தையோ ஈரலையோ உடல் எளிதில் ஏற்பதில்லை, பகையென்று தாக்கும். அதைத் தடுக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை நெடுகிலும் உட்கொள்ள வேண்டும். காவற்காரனைக் கட்டிப்போட்ட வீட்டில் திருடனுக்கு வழி ஏற்படுவது இயல்பு. வெயிலின் புற ஊதாக் கதிர்களால் கெட்ட தோலணுக்களைக் கண்டு அழிக்க வேண்டிய சக்தி அடங்கிக் கிடக்கிறது. அஸதயோப்ரின் என்னும் மருந்தோ தோலை வெயில் தாங்காததாகவே செய்துவிடுகிறது. ஆஸ்திரேலியா முதலிய தேசங்களின் வெள்ளையருள், மாற்றுறுப்புப் பெற்றவர்க்குத் தோற்புற்று பன்மடங்கு அதிகமாய் உண்டாகிறது.

“நாம் கறுத்த மேனியர்; நமக்கென்ன பயம்?” என்பர் சிலர். கறுப்பு ஒரு கவசம் என்பது மெய்; முழுக் கவசமன்று. நம்மவர்க்கு அபாயம் குறைவேயாயினும், நோய் வருங்கால் உள்ளங்கால், நகத்தடி, மறைவிடம் முதலிய வெயில் படாத இடங்களிலும் தோன்றக்கூடும்; எவரும் எதிர்பாராமையால் காலங்கடந்தே அறியப்படும். ஆகவே குடை பிடிப்பதோடு உடல் முழுவதையும் சோதித்துக்கொள்வதும் அவசியம்.

வெயிலுக்கு ஒதுங்குதல் காஞ்சிக்குப் புதிதன்று. நெசவாளர் விடியற்காலையில் வீதியிலே பாவு விரித்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுகின்றனர். பட்டு நூலுக்குக் காட்டும் ஜாக்கிரதையைத் தானம் பெற்ற உடலுக்குக் காட்டலாகாதா? பகல் 10 மணி முதல் 4 மணி வரை வெளிச்செல்லாமை, முழுக்கைச் சட்டை, குடை, வைத்தியர் கூறும் வெயில் காப்புக் களிம்பு ஆகியவை போதும். வைகாசி கருட சேவைக்குச் செல்வோரும் இதை மறவாதிருப்பாராக. ஆறாத புண், வளரும் பரு, நிறம் மாறும் மச்சம் இவற்றைக் கண்டால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். அச்சங்கொண்டு மருந்தைத் தாமே நிறுத்துதல் மட்டும் கூடாது. பெற்ற உறுப்பே அழிந்துபோகும்.

காரப்பேட்டையில் அண்ணாவின் பெயரால் புற்றுநோய் வைத்தியசாலை விளங்கும் ஊர் நம்முடையது. மாற்றுறுப்பு வைத்தியம் செய்யும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் மருந்துச் சீட்டோடு தோல் காக்கும் முறையையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கவும், வருஷந்தோறும் தோல் வைத்தியர் அவர்களைச் சோதிக்கவும் சர்க்கார் விதி செய்ய வேண்டும். பொதுநல ஊழியர்கள் இதனை வற்புறுத்துவாராக. துயரத்தின் நடுவே ஒரு குடும்பம் அளித்த தானத்தை வீணாகாமற் காப்பது நம் அனைவர் கடமையுமாகும்.