காக்கிச் சட்டை போட்ட பந்தாட்டக்காரர்கள்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மகாத்மா காந்தி சாலையில் வடக்கே நடந்தால் பாளையம் வந்துவிடும். அங்கேதான் சந்திரசேகரன் நாயர் போலீஸ் மைதானம். பந்தும் கையுமாகத் திரியும் பையனைப் பார்த்து, "இதிலே உத்தியோகம் கிடைக்குமாடா?" என்று கேட்காத வீடு நம்மவர்களில் குறைவு. கிடைக்கும் என்று ஒரு காலத்தில் காட்டியது கேரளப் போலீஸ் அணி.

1980களில் போலீஸ் துறை நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்தது. சத்யன், பாப்பச்சன், ஷரபலி, குரிகேஷ் மாத்யூ, விஜயன் என்று ஓர் அணி திரண்டது. 1990இல் திருச்சூரில் கோவாவின் சால்கோக்கர் அணியை வென்று பெடரேஷன் கோப்பையைக் கைப்பற்றினார்கள். மறு ஆண்டு கண்ணூரில் மறுபடியும் அவர்களுக்கே கோப்பை. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளைப் பார்த்தே பழகிய நாட்டில், மாதச் சம்பளக்காரப் போலீஸ்காரர்கள் சாதித்தது சின்ன விஷயமில்லை.

ஐ.எம். விஜயன் 1969இல் திருச்சூரில் பிறந்தவர். தகப்பனார் விபத்தில் இறந்துபோக, வீட்டுக் கஷ்டத்துக்காக நகராட்சி மைதானத்தில் சோடா விற்ற பிள்ளை. பதினேழு வயதில் போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு மோகன் பகான், பஞ்சாபின் ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சி, ஈஸ்ட் பெங்கால் என்று நாடு முழுக்க ஆடினார். 1999 தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக அவர் அடித்த கோலுக்கு ஆன நேரம் 12 விநாடி! இந்தியாவின் சிறந்த வீரர் விருது மூன்று முறை அவருக்கு வந்தது. நம் ஆட்களுக்கு அவரை 'திமிரு', 'பிகில்' படங்களில் பார்த்த ஞாபகம்தான் முதலில் வரும். அது அவர் தொழிலில் ஓர் ஓரம். ஆட்டம் ஓய்ந்ததும் போலீஸ் துறை அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2025இல் பத்மஸ்ரீ விருதும், அதே ஆண்டு மலபார் சிறப்புப் போலீஸ் அதிகாரியாகப் பணி ஓய்வும்.

இத்தோடு நிறுத்தினால் பெற்றோர் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரிதான். ஆனால் வி.பி. சத்யனையும் சொல்ல வேண்டும்.

கண்ணூர் மாவட்டத்துக்காரரான சத்யன் தடுப்பாட்டக்காரர். கோல் அடிப்பவனுக்குக் கிடைக்கும் கைத்தட்டல் தடுப்பவனுக்குக் கிடைப்பதில்லை. இருந்தும் 1990களின் முற்பகுதியில் இந்திய அணிக்கே தலைவராக இருந்தார். 1992இல் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என்று வென்று கேரளம் சந்தோஷ் கோப்பையை வாங்கியபோது தலைவரும் அவரே. பிறகு சென்னை இந்தியன் வங்கியில் சேர்ந்தார். நம் ஊரில் வங்கி வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். அந்த வேலை, அதிலும் சென்னையில், அவருக்கு இருந்தது. அந்த அணிக்கு ஆடினார், பின்பு பயிற்சியும் கொடுத்தார்.

ஆனால் காலில் பட்ட காயங்களும் மனச்சோர்வும் அவரை விடவில்லை. 2006 ஜூலை 18ஆம் தேதி பல்லாவரத்தில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 41.

சம்பளம் இல்லாமல் அவர் போகவில்லை. வேலையைப் பற்றி மட்டும் விசாரிக்கும் நமக்கு அது உறுத்த வேண்டும். பையனைப் பயிற்சி முகாமில் சேர்க்கும்போது எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்கிறோம். அடிபட்டால் யார் பார்ப்பார்கள், ஆட முடியாமல் போனால் பையனோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் பயிற்சியாளர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

சத்யன் கதையை 2018இல் 'கேப்டன்' என்று மலையாளத்தில் படமாக எடுத்தார்கள், ஜெயசூர்யா நடித்தார். மலையாளம் படித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும். பெரியவர்களும் கூட உட்கார்ந்து பார்க்கலாம்.