உஷார்! வேம்பார்க் கடல் அலையில்லாமல் கிடக்கிறதா? பாயை விரிக்காதீர்கள்!

விண்ட் சர்ஃபிங் பலகையைக் காரின் மேலே கட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்புகிற பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் போகிறவர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

அந்த மாதங்களில் வேம்பார்க் கரையில் நின்றால் பின்னங்கழுத்தில் மணல் வந்து அடிக்கும். எதிரே கடலோ குளம் மாதிரி கிடக்கும். நல்ல காற்று, அலையில்லாத தண்ணீர். பலகை ஓட்டத் தெரிந்தவர்களுக்குக் கை பரபரக்கும். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று தோன்றும்.

தோன்றினால் நில்லுங்கள். அந்தக் காற்று உங்களைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவராது!

ஏன் என்று சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி இந்தப் பக்கம் பாய்கிறது. கயத்தாற்றில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும், காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையம் அங்கே இருப்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். அங்கிருந்து கிழக்கே கரிசல் காடு. தடுக்கப் பெரிய மலை எதுவும் இல்லை. விளாத்திகுளத்தைத் தாண்டி வேம்பாருக்கு வரும்போது அது முழு வேகத்தோடு இருக்கும். நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்கிற காற்று இதுதான். வேம்பார்க் கரை தென்கிழக்கைப் பார்த்த கரை. மேற்கிலிருந்து வரும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் தள்ளும். கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை. அதனால்தான் தண்ணீர் அமைதியாகத் தெரிகிறது. உள்ளே போகப் போக அலை வளரும். அது கரையில் நிற்கிற உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பையனுக்கு நடந்தது இது. பெயர் வேண்டாம். அந்தப் பேச்சை எடுத்தாலே அவனைப் பெற்றவள் இன்னும் அழுகிறாள். விவரமில்லாத பையன் இல்லை. இலங்கையில் கற்பிட்டிக்குப் போய் முறையாகப் பழகிவிட்டு வந்தவன். மன்னார் வளைகுடாவுக்கு அந்தக் கரை கற்பிட்டி, இந்தக் கரை வேம்பார். அங்கே அடிக்கிற அதே தென்மேற்குக் காற்று இங்கேயும் அடிக்கிறதே என்று கணக்குப் போட்டான். கணக்கில் ஒன்றை விட்டுவிட்டான். கற்பிட்டியில் அந்தக் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வருகிறது. கை ஓய்ந்தாலும் மணலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வேம்பாரில் அதே காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது.

ஆடி மாதம். அலைபேசியில் காற்றைப் பார்த்தான். அம்புக்குறியின் முனை கடல் பக்கம் இருந்தது. கடலிலிருந்து வரும் காற்று என்று நினைத்துக்கொண்டான். அதில் அம்பு காட்டுவது காற்று போகிற பக்கம். வருகிற பக்கம் அல்ல. இந்த ஒரு தவறு எத்தனை பேருக்கு நேர்கிறது தெரியுமா?

முதல் அரை மணி நேரம் ஆனந்தமாகப் போனான். பனையும் வீடுகளும் மறைத்த காற்று கரையை விட்டு விலகியதும் மொத்தமாக வந்து விழுந்தது. காற்றின் வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 40 ஆனால் பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. விழுந்தான். பாயைத் தூக்கினான். மறுபடி விழுந்தான். கொஞ்ச நேரத்தில் பாயைத் தூக்கக் கையில் வலுவில்லை. கத்தினாலும் குரல் கரைக்கு வராது. காற்று எதிர்ப்பக்கம் கொண்டுபோய்விடும். பலகையை விட்டுவிட்டு நீந்திவிடலாம் என்றுகூட நினைத்திருக்கிறான். நல்லவேளை, நீந்தவில்லை. வலையை எடுத்துக்கொண்டு திரும்பிய ஒரு வள்ளத்தின் கண்ணில் பொழுது சாயும் நேரத்தில் பட்டான். “கச்சான் காத்துல பாய விரிச்சா கரைக்கு எப்படித் தம்பி வருவ?” என்று வள்ளத்திலிருந்த பெரியவர் கேட்டாராம். பதில் சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருந்தால்? நினைக்கவே வயிறு கலங்குகிறது. ஞாயிறு பூசை நாள். இந்தக் கரையில் அன்று தொழிலுக்குப் போக மாட்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் பலகையோடு வந்து இறங்குவதோ அந்த நாளில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளும் வெளியே இருக்காது. தூக்கிவிட ஆளில்லாத கடலில் இறங்குகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இறங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பனை உச்சியைப் பாருங்கள். கடற்கரை மணலில் நின்று முகத்தில் உணர்கிற காற்று பொய் சொல்லும். மரமும் சுவரும் அதைத் தடுத்திருக்கும். உச்சி ஓலைகள் கடலை நோக்கி வளைந்து நின்றால் பலகையை அவிழ்க்காதீர்கள். ஒரு கை மணலை எடுத்துத் தூவுங்கள். அது கடல் பக்கம் பறந்தால் அன்றைக்குப் போதும், வீட்டுக்குக் கிளம்புங்கள்.

அடுத்தது தூரத்துத் தண்ணீர். கிட்டே கண்ணாடி, தூரத்தில் வெள்ளை நுரை. இது மிக மோசமான அடையாளம்! நுரை திட்டுத் திட்டாக எழும்புகிறது என்றால் அங்கே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமாவது இருக்கும். தண்ணீரின் மேல் கறுப்புத் திட்டு ஒன்று நகர்ந்து வந்தால் அது வீச்சுக்காற்று.

வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கின்றனவா? போய்க் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். அவர்கள் இறங்காத கடலில் நீங்கள் இறங்க என்ன இருக்கிறது? மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று வானிலை மையம் சொல்லியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

தீவு இருக்கிறதே, அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி ஆகிய மூன்றும் வேம்பார்த் தீவுக்கூட்டம்தான். ஆனால் காற்று உங்களைத் தீவுக்கு நேராகத் தள்ளும் என்று யார் சொன்னது? அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை, கால் கிழியும். 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் ஏறுவது குற்றம்.

அப்படியானால் வேம்பாரில் பாயே விரிக்கக் கூடாதா? கூடும். நேரம் பார்த்து விரியுங்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்தக் கரைக்காரர்கள் இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவிலுள்ள மாசி, பங்குனி, சித்திரையைத்தான் நம்பிக் கடலுக்குள் மூழ்கினார்கள். அந்த மாதங்களில் காலையில் காற்று அடங்கிக் கிடக்கும். நண்பகலுக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பும். அது கரைப்பக்கம் தள்ளுகிற காற்று. பழகுகிறவர்களுக்கு இதுவே பாதுகாப்பு. பொழுது சாயும் முன் ஏறிவிடுங்கள். கடற்காற்று செத்து, இரவில் தரைக்காற்று பிறக்கும்.

அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு இறங்காதீர்கள். காற்றே இல்லாமல் கடல் ஏறும் கள்ளக்கடல் சித்திரையிலும் வரும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகளை அலை கொண்டுபோனது. அன்றைக்கு எச்சரிக்கை இருந்தது! ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு புயலும் வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக மாறியது. எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை.

இத்தனையும் மீறிக் காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டால், பலகையை விடாதீர்கள். எது வந்தாலும் விடாதீர்கள்! பாயைத் தண்ணீரில் கிடத்துங்கள், கழற்ற வேண்டாம். அது இழுபட்டு நீங்கள் விலகும் வேகத்தைக் குறைக்கும். பலகைமேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். ஆபத்து என்று எந்தப் படகுக்காரருக்கும் புரியும். கரையில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்தாமல் இறங்கவே கூடாது. நீங்கள் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அந்த நேரம் தாண்டினால் காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டிய எண்கள் இரண்டு: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கரையில் நிற்பவரின் அலைபேசியில் இப்போதே பதிந்து கொடுத்துவிடுங்கள்.