சில்லு வியாபாரத்தில் கழிவு

ஆரியசாலையில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்குக் 'கழிவு' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கம்பெனி ஏஜெண்டு வருவார். "முதலாளி, வருஷக் கடைசியில் இத்தனை சதவீதம் தர்றோம், அந்தக் கம்பெனிச் சரக்கை மட்டும் அடுக்காதீங்க" என்பார். விலைப்பட்டியலில் இது இருக்காது. கணினியின் மூளையாகிய பிராசசர் வியாபாரத்தில் இன்டெல் கம்பெனி மீது வந்த புகாரும் இதே வகைதான்.

2005 ஜூனில் அதன் போட்டியாளரான ஏ.எம்.டி. அமெரிக்காவில் டெலவேர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கணினி தயாரிப்பாளர்கள் தன் சரக்கை எடுக்காதபடி இன்டெல் பணத்தால் கட்டிப்போட்டது என்றது. புகாரில் ஒரு செய்தி என்னை யோசிக்க வைத்தது. எச்.பி.க்குப் பத்து லட்சம் பிராசசர் இலவசமாகத் தருகிறோம் என்று ஏ.எம்.டி. சொல்லியும் அவர்கள் 1,60,000 மட்டுமே எடுத்தார்களாம்! சும்மா கிடைக்கும் சரக்கை வியாபாரி ஏன் வேண்டாமென்பான்? கணக்குப் போட்டால் தெரியும். பத்தில் ஒரு பங்குச் சரக்கை மாற்றினால் மீதி ஒன்பது பங்குக்கு வரும் கழிவும் போய்விடும். இலவசச் சரக்கே நஷ்டமாகும்.

டெல் கம்பெனி 2006 வரை இன்டெல்லை மட்டுமே எடுத்தது. அதன் 2006 நிதியாண்டு இயக்க லாபத்தில் 38 சதவீதத்துக்கும், அடுத்த நிதியாண்டின் முதல் காலாண்டில் 76 சதவீதத்துக்கும் ஈடானது இன்டெல் தந்த பணம் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2010-ல் சொன்னது. கணினி விற்று வந்தது கொஞ்சம், கழிவாக வந்ததே அதிகம்! ஏ.எம்.டி.யையும் எடுப்பதாக அறிவித்ததும் அந்தப் பணம் சுருங்கியது. இதையெல்லாம் பங்குதாரரிடம் மறைத்ததாகச் சொன்ன வழக்கில், குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் டெல் 10 கோடி டாலர் கட்டியது.

ஏ.எம்.டி. வழக்கு 2009 நவம்பரில் 125 கோடி டாலருக்குச் சமாதானமாயிற்று. அதே ஆண்டு ஐரோப்பிய ஆணையம் விதித்த 106 கோடி யூரோ அபராதத்தை 2022-ல் அங்குள்ள நீதிமன்றம் ரத்து செய்தது; 2024-ல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கழிவு கொடுத்தாலே குற்றமாகாது, அது போட்டியைக் கெடுக்கவல்லது என்று காட்ட வேண்டுமாம். கள்ளாமை விரதத்துக்குக் கேடு என்று நம் சமண நூல்கள் பொய்நிறையையும் பொய்யளவையும் சொல்கின்றன. கழிவு எந்தத் தராசில் நிற்கும்?

நம் நாட்டில் விவகாரம் வாரண்டி வழியாக வந்தது. இந்தியாவிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கிய பிராசசருக்கு மட்டுமே இங்கே வாரண்டி என்று இன்டெல் 2016-ல் விதி வைத்தது. வெளிநாட்டில் வாங்கி இறக்குமதி செய்த சரக்கு பழுதானால் வாங்கிய நாட்டில்தான் கேட்க வேண்டியிருந்தது. 2019-ல் இந்தியப் போட்டி ஆணையம் இதை விசாரிக்க உத்தரவிட்டது. பெரிய கம்பெனியாவது உட்கார்ந்து கழிவு பேசும். அந்த விதி இருந்தவரை, கணினி அசெம்பிள் செய்து விற்கும் சிறு கடைக்காரர் வாரண்டி இல்லாத சரக்கை யார் தலையில் கட்டியிருப்பார்? அங்கீகாரம் பெற்றவரிடம் போய், அவர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதாக இருந்தது.