எரிபொருளை வீணாக்குவது வண்டியா, பழக்கமா?



பிழைப்பைத் தேடிக் கொல்கத்தாவுக்கு வந்து, பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் எஸ்.யூ.வி. வண்டி வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. முதியோரும் பிள்ளைகளும் ஊரிலிருந்து வரும் உறவினரும் ஒன்றாய்ப் போய்வர அது வசதியானதே. சிலருக்கோ அதை வாடகைக்கு ஓட்டுவதே ஜீவனம். ஆனால் மாதக் கடைசியில் எரிபொருள் செலவைக் கூட்டிப் பார்க்கையில் மனம் சோர்ந்துபோகிறது. "கம்பெனி சொன்ன மைலேஜ் கிடைக்கவில்லையே" என்று வண்டியைக் குறை கூறுகிறோம். குறை எங்கே இருக்கிறது என்று நிதானமாய் ஆராய்ந்து பார்ப்போம்.

நாம் ஓட்டும் சாலை

கம்பெனி அறிவிக்கும் மைலேஜ் பரிசோதனைக் கூடத்தில் அளக்கப்பட்டது. நாம் ஓட்டுவதோ கரியாஹாட்டிலும் ஷியாம்பஜாரிலும். டாம்டாம் நிறுவனம் 2024ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி, கொல்கத்தாவில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. அதாவது, மணிக்கு 18 கிலோமீட்டர் வேகங்கூட இல்லை. அவ்வாண்டு உலகில் மிக மெதுவாக நகர்ந்த நகரங்களின் வரிசையில் நம் நகரம் இரண்டாம் இடத்தில் நின்றது.

பெரிய எஸ்.யூ.வி. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. நின்ற வண்டியை ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அவ்வளவு எடையையும் எரிபொருளே தள்ளவேண்டும். பிரேக்கை மிதித்தவுடன் அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. நெரிசலை நாம் மாற்ற முடியாது. ஆனால் எத்தனை முறை வீணாய்ப் பாய்ந்து, எத்தனை முறை வீணாய் நிற்கிறோம் என்பது நம் கையில் உள்ளது.

ஓட்டும் முறை

முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்த பின்னும் ஆக்ஸிலேட்டரை மிதித்து, அருகே சென்று திடீரென்று பிரேக் பிடிப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். இவ்விதம் ஆவேசமாய் ஓட்டினால், நின்று நின்று செல்லும் சாலைகளில் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை தெரிவிக்கிறது. வேறெந்தப் பழக்கத்தாலும் இவ்வளவு பெரிய நஷ்டம் உண்டாவது அரிது. முன் வண்டிக்கு இடம் விட்டு, தூரத்திலேயே காலை எடுத்து, வண்டி தானாய் வேகம் தணிய விடுங்கள்.

சிலர் வித்யாசாகர் சேதுவிலோ மா மேம்பாலத்திலோ இறங்கும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளி எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணுகிறார்கள். இக்காலத்து எஞ்சின்களில் இது தவறான கணக்கு. கியரில் இருக்கையில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். அதோடு, எஞ்சினின் பிடிமானமும் போய்விடுவதால் ஆபத்தும் உண்டு.

வண்டி நின்றபடி எஞ்சின் ஓடினால், ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை செலவாகலாம். குளிர்சாதனம் ஓடினால் இன்னும் கூடும். நாளொன்றுக்கு இருபது நிமிடம் இப்படி நின்றாலும், மாதத்தில் ஆறு லிட்டருக்கு மேல் ஓர் அடிகூட நகராமலே தீர்ந்துபோகும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைப்பதே லாபம். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருப்போர் இதைக் கவனிக்கவேண்டும்.

நகரத்தைத் தாண்டித் துர்காபூர் சாலையில் ஏறியதும் வேறொரு சோதனை வருகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 110இல் அது ஏறக்குறைய இரு மடங்காகும். உயர்ந்து அகன்ற முகப்புடைய எஸ்.யூ.வி.க்கு இந்த நஷ்டம் சிறிய காரைவிட அதிகம்.

பராமரிப்பு

டயரில் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். பத்துக் குறைந்தால் இரண்டு சதவீதம் போய்விடும். டயரும் சீக்கிரம் தேயும். சூடேறி வெடிக்கும் அபாயமும் உண்டு. ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, வண்டி ஓடிச் சூடாகும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

கம்பெனி குறிப்பிட்ட தரத்துக்கு மாறான எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் இழப்பு நேரலாம். பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் பழுதானால் நஷ்டம் மிகப் பெரிது. ஆகையால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பின், பிரேக்கில் சேறும் துருவும் பிடித்து, காலை எடுத்த பிறகும் சக்கரம் விடுபடாமல் உரசலாம். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் அதிக வெப்பம் வீசினால், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் குறையும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. இக்காலத்து எஞ்சின்களில் அது மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிப்பதில்லை என்று 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. ஆனால் இழுவை குறையும். ஆகவே உரிய காலத்தில் மாற்றத்தான் வேண்டும்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்போர் மற்றொன்றையும் அறிந்திருப்பது நல்லது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் சற்று இறங்குவது இயல்பு. அதற்கு மெக்கானிக்கைக் குற்றப்படுத்த வேண்டாம்.

வீண் சுமை

ஞாயிறு ஆராதனைக்கு ஏற்றிய ஒலிபெருக்கியும் கீபோர்டும் அடுத்த ஞாயிறு வரை வண்டியிலேயே கிடக்கின்றனவா? ஏறக்குறைய 45 கிலோ கூடுதல் சுமைக்கு ஒரு சதவீதம் எரிபொருள் அதிகமாய்ச் செலவாகும். திகாவுக்குப் போய் வந்த பின்னும் கழற்றாமல் விட்ட கூரைப் பெட்டி, காற்றைத் தடுத்து இதைவிட அதிகமாய் விழுங்கும்.

கணக்கு எழுதுங்கள்

டேங்கை முழுவதும் நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துவையுங்கள். மறுமுறை முழுவதும் நிரப்பும்போது, இடையில் ஓடிய கிலோமீட்டரை அப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மை மைலேஜ் தெரியும். மூன்று மாதம் எழுதினால் பழக்கத்தின் பலன் எண்களில் வெளிப்படும்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தந்தால் 100 லிட்டர் தேவை. அது 12 ஆனால் 83 லிட்டரே போதும். கொல்கத்தாவில் 2025இல் டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்றது. அவ்விலையில் 17 லிட்டர் என்பது மாதம் 1,500 ரூபாய், ஆண்டுக்குச் சுமார் 18,000 ரூபாய். அது ஒரு பிள்ளையின் படிப்புக்கோ, ஊரிலுள்ள பெற்றோரின் மருந்துக்கோ உதவக்கூடிய தொகையல்லவா? இம்மாதமே டயரின் காற்றை அளந்து, வீண் சுமையை இறக்கி, ஆக்ஸிலேட்டரின்மேல் காலை மென்மையாய் வையுங்கள்.