மயிலத்தில் நிற்கும் ரயிலும் நிற்காத ரயிலும்

எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் பெரும்பாலானவை மயிலம் வழியாகத்தான் போகின்றன. வைகை, பல்லவன், பாண்டியன், 2023 செப்டம்பரில் வந்த நெல்லை வந்தே பாரத் என்று பட்டியல் நீளம். நிற்பவை சொற்பம். திண்டிவனத்துக்கு அடுத்து மயிலம், பிறகு பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம் என்று ஒவ்வொன்றிலும் நின்று போகிற மெமு வண்டிதான் இந்த ஊருக்குச் சொந்த ரயில்.

பாதைக்கு வயது ஏறத்தாழ 150. கிரேட் சதர்ன், கர்நாடிக் என்ற இரு கம்பெனிகள் 1874இல் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவானது. அது சென்னையையும் தூத்துக்குடியையும் மீட்டர்கேஜால் இணைக்க, 1870களில் இந்தப் பகுதிக்குத் தண்டவாளம் வந்தது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளை பிரிந்தது 1879இல். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின், இலங்கைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்கு ஓடிய போட் மெயிலும் இவ்வழியேதான் போனது.

இந்தத் தடத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் 1931லேயே மின்மயமானது. 1965இல் மின்கம்பி தாம்பரத்தைத் தாண்டி விழுப்புரம் வரை நீண்டது. இந்தியாவில் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது இந்த ஒரே தடத்தில்தான். அதற்காகவே ஜப்பானிலிருந்து ஒய்.ஏ.எம்-1 என்ற எஞ்சின்கள் வந்தன. 1990களின் கடைசியில் இங்கே அகலப்பாதை வந்தபோது, கிராசிங்குக்காக லூப் லைனில் காத்துக் கிடப்பது மட்டும் மாறவில்லை. இரட்டைப் பாதை போட்ட பிறகுதான் அதுவும் போயிற்று. இன்று பாசஞ்சர் ஒதுங்கி நிற்கிறதென்றால், எதிரே வருகிற வண்டிக்காக அல்ல, பின்னால் வருகிற எக்ஸ்பிரஸுக்கு வழிவிட.

அப்படி எக்ஸ்பிரஸ் கடக்கும் நேரத்தில்தான் இதுபோன்ற சிறு நிலையத்தின் வேலை கண்ணில் படும். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியை நீட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பார். பயணிகளுக்கு அது வெறும் மரியாதை போலத் தோன்றலாம். உண்மையில் ஓடுகிற வண்டியில் சக்கரச் சூடு, தொங்கும் பாகம், திறந்த கதவு ஏதும் உண்டா என்று கண்ணால் சோதிக்கிறார். கடைசிப் பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்காமல் அடுத்த வண்டிக்கு வழி தரமாட்டார். கோளாறு தெரிந்தால் பச்சை போய்ச் சிவப்பு வரும்.

பயணிகள் பக்கம் கதை அவ்வளவு சுகமில்லை. முருகன் கோயில் குன்று ஸ்டேஷன் வாசலில் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி. பங்குனி உத்திரத்துக்கு வருகிறவர்களும் கூட்டேரிப்பட்டு வழியே பஸ்ஸில் வருவதையே எளிதாக நினைக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ரயிலுக்கு மிச்சமிருக்கும் வலு கட்டணம்தான். கரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களுக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம் வைத்தார்கள். குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழைய 10 ரூபாய் திரும்பியது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் அந்த வித்தியாசம் சிறியதல்ல.

ஜெர்மனியில் சிற்றூர் நிலையங்கள் பலவற்றில் ஊழியர் ஒருவரும் கிடையாது. ஒரு டிக்கெட் இயந்திரம், ஒரு நிழற்குடை, அவ்வளவுதான். ஆனால் பல தடங்களில் மணிக்கொரு வண்டி, அதுவும் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில். இங்கே கட்டடம், ஆள், சிக்னல் எல்லாம் உண்டு, குறைவது வண்டி. நிலையத்தை அழகுபடுத்தும் அறிவிப்புகளைவிட, காலையும் மாலையும் கூடுதலாக ஒரு மெமு வந்தால் ஊருக்குப் பயன் அதிகம் என்பது என் எண்ணம்.

மயிலத்தின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது ரயிலால் அல்ல, மழையால். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் பதிவானது 51 செ.மீ. மழை. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, அந்த வழியே போக்குவரத்தை நிறுத்தினார்கள். சில ரயில்கள் ரத்தாயின. சில மாற்றுப் பாதையில் போயின. திருச்சிக்கும் மதுரைக்கும் கிளம்பியவர்கள் எழும்பூரில் மாட்டிக்கொண்டார்கள். தென்மாவட்டங்களுக்கான பகல் ரயில்களில் பெரும்பங்கு இந்த ஒரு தடத்தை நம்பியிருப்பதால், இங்கே ஒரு பாலத்தடியில் தண்ணீர் ஏறினாலே கன்னியாகுமரி வரை அட்டவணை குலைகிறது.