ருத்ராவும் சுடலையும்: ஓர் உறுமலின் அரசியல்

'டெத் மெட்டல்' என்றதும் நம் நண்பர்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் வெள்ளைக்காரப் பையன்களின் கொழுப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்த இசையை விடாமல் வாசித்துவரும் குழு ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. 1992இல் தொடங்கியது, பெரும்பாலும் இந்திய வம்சாவளியினர். குழுவின் பெயர் ருத்ரா. தங்கள் இசைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வேதிக் மெட்டல்'. நமக்கான கேள்வி இந்தப் பெயரிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் இசையைப் பார்த்துவிடலாம். டெத் மெட்டல் 1980களின் நடுவில் அமெரிக்காவில் உருவாயிற்று. புளோரிடாவின் 'டெத்' குழுவுடைய முதல் தொகுப்பு 1987இல் வந்தது. கிதாரின் சுருதியை இறக்கி, அதன் ஒலியை மின்கருவியால் சிதைத்து, இரண்டு கால்களாலும் டிரம்மை உதைத்து எழுப்பும் சத்தம் அது. அடுத்த சில ஆண்டுகளில் ஹாலந்தில் பெஸ்டிலன்ஸ், கோர்ஃபெஸ்ட் போன்ற குழுக்கள் வந்தன. சுவீடனின் கோதன்பர்க் நகரத்துக் குழுக்கள் அதில் மெல்லிசைத் தன்மையைச் சேர்த்தன. பாடகர் பாடுவதில்லை, உறுமுகிறார். குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக்குரல்நாண்களும் சேர்ந்து அதிரும்போது பிறக்கிற ஒலி அது. அதில் ஸ்வரம் கரைந்துபோகும், சொல் பாதி விழுங்கப்படும். பாடுபொருள் பிணம், அழுகல், போர். பரணி படித்தவனுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழடுவதை ஜெயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டிலேயே சாவகாசமாகப் பாடிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கும் முன்னால் காரைக்கால் அம்மையார் ஆலங்காட்டுச் சுடுகாட்டில் பேயாகவே நின்று பாடியிருக்கிறார்.

ஐரோப்பாவில் இந்த இசை இன்னொரு காரியமும் செய்தது. சுவீடனின் பாதரி குழு 1990இல் வைக்கிங் காலத்துத் தெய்வங்களைத் தேடிப் போயிற்று. நார்வேயில் 1992 தொடங்கி, பிளாக் மெட்டல் வட்டத்து இளைஞர்கள் சிலர் மரத் தேவாலயங்களைக் கொளுத்துகிற அளவுக்குப் போனார்கள். அந்தக் குற்றத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின்னாலிருந்த சொல்லாடல் கவனிக்கத்தக்கது. திருச்சபை எதைப் 'பேய்' என்று சொன்னதோ, அந்தப் பெயரையே எடுத்துப் பூசிக்கொள்வது. ஆதிக்கம் வைத்த வசைப்பெயரை அடையாளமாக்கிக்கொள்ளும் உத்தி. தலித் அரசியலும் விளிம்புநிலை ஆய்வுகளும் படித்த நமக்கு இது தெரியாத விஷயமில்லை.

இதே கேள்வியைச் சிங்கப்பூரில் இருந்த இளைஞர்களும் கேட்டிருக்கிறார்கள்: எங்கள் வேர் எது? கிடைத்த விடை வேதம், உபநிடதம், கீதை. முதல் தொகுப்பு குழுவின் பெயரிலேயே 1998இல் வந்தது. 2001இல் 'தி ஆர்யன் குருசேட்', 2003இல் 'குருக்ஷேத்ரா'. 2005, 2009, 2011 ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற முத்தொகுப்பு. 2013இல் 'ரிதா', 2016இல் 'எனிமி ஆஃப் டுயாலிட்டி', அதாவது இருமையின் பகைவன். பாடகரும் பேஸ் கிதார்காரருமான கதிர், வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர். மொழி பெரும்பாலும் ஆங்கிலம், இடையிடையே சமஸ்கிருதம். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

'ஆரியப் படையெடுப்பு' என்ற தொனியில் ஒரு தலைப்பு! 'ஆரிய' என்பதற்கு மேன்மையானது என்றும் பொருளுண்டு என்பார்கள். இருக்கட்டும். கால்டுவெல் இடையன்குடியில் வாழ்ந்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபிறகு, இந்தத் தாமிரபரணிச் சீமையில் அந்தச் சொல்லை அத்தனை அப்பாவித்தனமாக யாரும் உச்சரிக்க முடியாது.

ஆனால் இவர்களைப் 'பார்ப்பனியத்தின் ஏஜெண்டுகள்' என்று முத்திரை குத்தி முடித்துக்கொள்வதும் சோம்பேறித்தனம்தான். கௌதம தர்மசூத்திரம் என்ன சொல்கிறது? வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்று என்கிறது. அத்வைதத்தின் ஆசான் சங்கரரே தன் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் இந்த விதியை மேற்கோள் காட்டி, சூத்திரனுக்கு வேத வழியில் பிரம்மவித்தை கிடையாது என்று கதவைச் சாத்துகிறார். ருத்ரா அதே பிரம்மவித்தையை ஒலிபெருக்கியில் போட்டு, பிறப்பு எதுவென்று விசாரிக்காமல், பச்சை குத்தியவன், பியர் குடித்தவன் எல்லார் காதிலும் ஊற்றுகிறது. வேதத்துக்கு ஏற்ற இறக்க ஸ்வரம் பிசகக் கூடாது என்பது அதன் உயிர்விதி. உறுமலிலோ ஸ்வரமே கிடையாது. ஆக, வடிவத்தில் இது பெரிய மீறல். உள்ளடக்கத்திலோ அந்தப் பிரதியின் அதிகாரம் சேதமில்லாமல் அப்படியே இருக்கிறது. கதவைச் சாத்திய தத்துவத்தின் மேல் ஒரு கேள்வியும் எழவில்லை. ருத்ராவின் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

நான் சுடலையை இழுப்பது இதனால்தான். நெல்லைச் சீமையில் சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து ஆடுகிறார்கள். அண்ணாவி பாட, உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள் பேச, பெண்வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். தோல் தொய்ந்தால் நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றிக்கொள்வார்கள். கதைப்படி, விளக்குச் சுடரிலிருந்து பார்வதிக்குப் பிறந்த பிள்ளை சுடலை; மயானத்துப் பிணத்தைத் தின்றதால் கைலாயத்தில் இருக்க முடியாமல் பூமிக்கு வந்தவன். நள்ளிரவில் கணியான் கையைக் கீறி அவனுக்கு ரத்தம் கொடுப்பதுண்டு. சாமி வந்தவன் போடுகிற உறுமல் இருக்கிறதே, அதை எந்த டெத் மெட்டல் பாடகனும் கேட்டால் ஒரு நிமிஷம் அசந்துதான் போவான். இந்த வழிபாட்டைத்தான் கால்டுவெல் 1849இல் எழுதிய நூலில் பேய் வழிபாடு என்றார். நார்வேக்காரன் தேடிப் பிடித்துப் பூசிக்கொண்ட வசைப்பெயர், நமக்குக் கேட்காமலே வந்து சேர்ந்திருந்தது!

அப்படியிருக்க, கடல் தாண்டிய பிள்ளைகள் ஏன் சுடலையிடம் போகாமல் வேதத்திடம் போனார்கள்? புலம்பெயர்ந்தவனுக்கு வேர் என்பது புத்தகமாக அச்சாகி, மொழிபெயர்ப்போடு கிடைக்க வேண்டியிருக்கிறது. 'இந்தியா' என்றால் உலகச் சந்தைக்குத் தெரிந்தது உபநிடதம். சுடலைக்குப் பீடம் உண்டு, கொடை உண்டு, ஏற்றுமதிப் பிரதி கிடையாது. அதோடு கணியான் யார் என்று கேட்டால் சாதியும் வந்து நிற்கும். வேதம் அந்தச் சங்கடத்தை, உயர்வு என்ற போர்வைக்குள் மறைத்துத் தருகிறது.

ருத்ரா 2022இல் 'எய்ட் மகாவித்யாஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. தாந்திரிகத் தேவியர் பற்றியது. காளியும், தன் தலையைத் தானே கொய்துகொள்ளும் சின்னமஸ்தாவும் உலவுகிற மரபு அது. முப்பது வருஷம் நடந்து, பிரம்மத்திலிருந்து சுடுகாட்டு வாசலுக்கு வந்திருக்கிறார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன். அங்கிருந்து சுடலையின் பீடம் தூரமில்லை. வழி மட்டும் சமஸ்கிருதத்தில் எழுதப்படவில்லை. அந்த வழியைக் காட்டுகிற வேலை சிங்கப்பூர்க்காரர்களுடையது அல்ல, நம்முடையது. மகுடத்தை ஆய்வேட்டிலும் அரசு விழா மேடையிலும் மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை, நம்ம பிள்ளைகள் உறுமுவதற்கு அடுத்தவன் மந்திரத்தைத்தான் தேடுவார்கள்.