பட்டை ஏன் வழுக்கியது?

மாரி ஓய்ந்து தை பிறக்கும்போது யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானங்களிற் புல் மதர்த்து நிற்கும். இல்ல மெய்வல்லுநர் போட்டிகளும் அக்காலத்திலேயே வரும். எமது கல்லூரி மைதானத்தைக் கவனிக்கும் பொறுப்புச் சில ஆண்டுகளாக எம்மிடம் உள்ளது. அங்கே ஏறியிருந்து ஓட்டும் பழைய புல்வெட்டி ஒன்று உண்டு. இலண்டனில் வாழும் பழைய மாணவர் சிலர் அனுப்பிவைத்தது. அதனை ஓட்டுபவர் அறுபதைத் தாண்டிய மைதானப் பணியாளர். நாம் அவரை 'அண்ணை' என்போம். அவர் எம்மைச் 'சேர்' என்பார்.

ஓராண்டு, போட்டிக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில் அந்தப் புல்வெட்டி எம்மைச் சோதித்தது. எஞ்சின் உறுமிற்று, வண்டியும் ஓடிற்று. ஆனால், புல் செறிந்த இடம் வந்ததும் அலகுகள் தளர்ந்து நின்றன. இறப்பர் கருகும் நாற்றம் எழுந்தது.

"சேர், பெல்ட்டிலை பிழை இல்லை. உள்ளுக்கை ஏதோ இறுகிக் கிடக்குது. கத்தியைப் பூட்டேக்கை முந்தின சத்தம் வரேல்லை" என்றார் அண்ணை.

நாமோ பௌதிகவியல் கற்பிப்பவர். எமக்குச் சத்தம் ஒரு சான்றாகத் தோன்றவில்லை. பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். அதன் பக்கங்கள் கண்ணாடிபோற் பளபளத்தன. தேய்ந்த பட்டை வழுக்கும். வழுக்கிய பட்டையும் தேய்ந்து பளபளக்கும். இவற்றுள் எது காரணம், எது காரியம் என்று நின்று ஆராயாமல், பட்டையே குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிட்டோம். முதலிற் பிசின் தூள் பூசினோம். கால் மணி நேரம் பிடித்தது. பின்பு பிசின் உருகி நிலைமை முன்னிலும் மோசமாயிற்று. அடுத்து அரிசி ஆலைகளுக்கான உதிரிப்பாகக் கடையில் அதே நீளமும் அகலமும் உள்ள பட்டை ஒன்றை வாங்கி மாட்டினோம். அது ஒரு முற்பகல் ஓடி, நார் பிரிந்து அறுந்தது. ஆலைப் பட்டை ஒரே சீராக ஓடுவதற்கென அமைந்தது. புல்வெட்டியின் பட்டையோ ஓடும்போதே பூட்டியும் விட்டும் இழுபடுவது. முதுகுப் புறமாகவும் வளைவது. அதற்கென வலிய நார் வைத்துச் செய்த பட்டையே தாங்கும். இதனை அறியப் பணம் செலவாயிற்று.

இதற்கிடையில் விளையாட்டுக் குழுவிற் பேச்சு எழுந்தது. ஈரப்புல்லில் ஓட்டி இயந்திரத்தைக் கெடுத்தவர் அண்ணைதான் என்றும், இனி அவரிடம் அதனைக் கொடுத்தலாகாது என்றும் ஒருவர் கூற, அது கூட்டக் குறிப்பேட்டிலும் ஏறியது. நாம் அக்கூட்டத்தில் இருந்தோம். வாய் திறக்கவில்லை என்பதை இங்கு மறைப்பதற்கில்லை.

அன்றிரவு எமது பட்டப்படிப்புக் காலத்துக் குறிப்பேட்டைப் புரட்டினோம். பதினெட்டாம் நூற்றாண்டிற் கணித மேதை ஒயிலர் ஆராய்ந்த உராய்வுத் தொடர்பு அதில் இருந்தது. மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். உராய்வுக் குணகம் 0.3 எனக் கொள்வோம். கப்பியின் அரைச் சுற்றைத் தழுவும் தட்டைப் பட்டையில், இறுகிய பக்கத்து இழுவை தளர்ந்த பக்கத்து இழுவையின் ஏறத்தாழ 2.5 மடங்கு வரை உயரலாம். அதற்குமேற் பட்டை வழுக்கும். பட்டை ஆப்பு வடிவானதாயின் கதை வேறு. 40 பாகைக் கோணமுள்ள தவாளிப்பில் அது இறங்கி இரு சுவர்களையும் நெருக்குவதால் உராய்வு ஏறத்தாழ மூன்று மடங்காகும். இழுவை விகிதமோ 15க்கும் மேலே போகும். 1917 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோன் கேற்ஸ் இறப்பரால் ஆக்கிய இவ்வடிவம் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் இதுவே.

ஆனால், அத்தொடர்பிலே ஒரு சொல்லை நாம் கவனியாது விட்டிருந்தோம். பதினைந்து மடங்கு எதற்கு? தளர்ந்த பக்கத்து இழுவைக்கு. அது பூச்சியமாயின் எத்தனை மடங்கும் பூச்சியமே. எந்தப் புதுப் பட்டையும் வழுக்கவே செய்யும். புல்வெட்டியில் அந்த இழுவையைத் தருவது ஒரு சிறு கை. ஓட்டுபவர் நெம்பைத் தள்ளியதும், சுருள்வில்லால் இழுக்கப்பட்டு அக்கை திரும்பும். அதன் நுனியிலுள்ள சிறு கப்பி பட்டையின் தளர்ந்த பக்கத்தை அழுத்தும். அண்ணை கேளாத சத்தம் அக்கை வந்து விழும் சத்தமே.

விடிந்ததும் அவரிடம் சென்றோம். அவர் முதலிற் பிளக்கின் வயரைக் கழற்றி அப்பால் மடித்து வைத்தார். (வீட்டில் எந்தப் புல்வெட்டி வைத்திருப்போரும் இதனை மறத்தலாகாது. அலகு நுனியின் வேகத்துக்கு அமெரிக்க நியமம் விதித்த எல்லையே நிமிடத்துக்கு 19,000 அடி. அதாவது மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீற்றர்.) பின் அலகுத் தட்டை இறக்கினோம். கை சுழலும் முளையில் புற்சாறும் துருவும் கலந்து சீமெந்துபோல் உறைந்திருந்தன. சுருள்வில் இழுத்தது, கை பாதி வழியில் நின்றது. சிறு கப்பியை விரலாற் சுழற்றியபோது கரகரத்தது.

முளையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருத்தாளால் உரைத்து, கிறீஸ் இட்டோம். கப்பியின் பெயாரிங்கில் 6203 என்ற எண் இருந்தது. அது பொது அளவாகையால், நகரில் ஒரு மோட்டர் கடையிலேயே கிடைத்தது. தவாளிப்புகளின் துருவையும் அண்ணை தேய்த்தெடுத்தார். அவற்றின் அடித்தளம் பளபளக்கிறதா என்று பார்க்கும்படி நாம் சொன்னோம். பளபளத்தால் பட்டை அடியில் உட்காருகிறது, சுவரைப் பிடிக்கவில்லை என்று பொருள். அப்படி இருக்கவில்லை. இவ்வேலையில் எமது பங்கு ஏறத்தாழ அவ்வளவே. இயந்திரத்துக்கு உரிய பட்டை கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர மூன்று நாட்கள் சென்றன.

பட்டையை மாட்டி, நெம்பைத் தள்ளினார் அண்ணை. 'டக்' என்றொரு சத்தம்.

"இதுதான் சேர்" என்றார்.

போட்டிக்கு முதல்நாள் மாலை, சுண்ணாம்புக் கோடு போட வந்த மாணவர் வெட்டிய புல்லின் மேல் வெறுங்காலுடன் ஓடித் திரிந்தனர். போட்டி முடிந்த பின் கூடிய குழுவில் நாம் எழுந்து, இரு பட்டைகளின் செலவும் எமது அவசரத்தால் வந்ததென்று கூறி, குறிப்பேட்டில் அண்ணையைப் பற்றிய வரியை நீக்கும்படி கேட்டோம். நீக்கினர். அச்செய்தியை நாம் போய்ச் சொன்னபோது, அவர் புல்வெட்டியின் அடியிற் படுத்திருந்தார்.

"மாசத்துக்கு ஒருக்கா இந்த முளைக்குக் கிறீஸ் அடிக்கவேணும் சேர். ஒரு சின்ன டின் வாங்கித் தந்தாற் காணும்."